42 வெள்ளி டெஸ்டரும் அப்பாவின் ஹீட்டரும்

ஒயரில் மின்சாரம் இருக்கிறதா என்று காட்டும் இந்த இருமுனை டெஸ்டரைச் சிங்கப்பூர் சிம் லிம் டவரில் 42 சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கி நான்கு மாதம் ஆகிறது. கையில் பிடிக்க இரண்டு முனைகள், நடுவில் ஒரு ஒயர், வோல்ட் காட்டும் சின்னத் திரை, அவ்வளவுதான். வாங்கியதற்குக் காரணம் அப்பா.

கப்பல் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். எங்கள் தோ பாயோ வீட்டில் குளியலறை ஹீட்டர் திடீரென்று வெந்நீர் தரவில்லை. "எலிமென்ட் போயிருக்கும், நானே பார்த்துடறேன்" என்று சுவிட்சை அணைத்து மூடியைக் கழற்றிவிட்டார். சுவிட்சின் சிவப்பு விளக்கும் அணைந்திருந்தது. அப்போது என்னிடம் இருந்தது 10 வெள்ளி பேனா டெஸ்டர், ஒயரைத் தொடாமலே சத்தம் போடும் வகை. பக்கத்தில் வைத்தேன், சத்தமே இல்லை. அப்பா ஸ்குரூடிரைவரை எடுத்துவிட்டார்.

மனசு கேட்கவில்லை. "கொஞ்சம் பொறுங்கப்பா" என்று சொல்லிவிட்டு, பேனாவைச் சமையலறை பிளக்கில் வைத்துப் பார்த்தேன். கெட்டில் ஓடிக்கொண்டிருந்த அந்த பிளக்கிலும் சத்தமில்லை. பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. அப்பாவைக் குளியலறையிலிருந்து வெளியே இழுத்து வந்துவிட்டேன்.

மறுநாள் இந்த டெஸ்டரை வாங்கி வந்தேன். சுவிட்ச் அணைந்தபடியே, காலில் ரப்பர் செருப்போடு, ஒரு முனையை மின்சாரம் வரும் லைவ் ஒயரிலும் இன்னொன்றைத் தரையோடு இணைந்த எர்த்திலும் வைத்தேன். 231 என்று காட்டியது. உடனே உரிமம் பெற்ற மின் பணியாளரைக் கூப்பிட்டோம். அவர் சுவிட்சைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது நியூட்ரலை மட்டும்தான் வெட்டுது தங்கச்சி. லைவ் நேரா ஹீட்டருக்குப் போகுது." மின்சாரம் திரும்பிப் போகும் ஒயர்தான் நியூட்ரல். முன்பு வீட்டைப் புதுப்பித்தவர்கள் செய்த வேலை இது. ஹீட்டருக்கு லைவ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து வெட்டும் 20 ஆம்பியர் சுவிட்ச்தான் இருக்க வேண்டும். எங்களுடையது 3.3 கிலோவாட், 14 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்.

அவர் சொல்லிக்கொடுத்த முறைதான் டெஸ்டரைவிடப் பெரிது. ஹீட்டரின் பிரேக்கரை மட்டும் அணைக்க வேண்டும். அப்புறம் மின்சாரம் இருக்கிற ஒரு பிளக்கில் சோதித்து, ஹீட்டரில் சோதித்து, மறுபடியும் அதே பிளக்கில் சோதிக்க வேண்டும். முதலும் கடைசியும் சரியாகக் காட்டினால்தான் நடுவில் வந்த பூஜ்யத்தை நம்பலாம்.

மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதே என்பார்கள். 2025 ஜூலையிலிருந்து பழைய வீடுகள் உட்பட எல்லா வீட்டிலும் அது கட்டாயம், மிக நல்லது. 30 மில்லியாம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும். ஆனால் ஒரு கை லைவிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால் அதற்கு அது கசிவாகவே தெரியாது.

குறைகளும் உண்டு. முனைகளின் மூடி அடிக்கடி கழன்று விழுகிறது, குளியலறை விசிறி ஓடினால் பீப் சத்தம் கேட்பதில்லை. பேனாவைவிட நான்கு மடங்கு விலை. இருந்தாலும் வீட்டில் ஒன்று வைத்திருங்கள் என்று மனதாரச் சொல்வேன். சோதித்துப் பார்ப்பதற்கு மட்டும்தான் இது. ஒயரில் கை வைக்கிற வேலை உரிமம் உள்ளவருடையது, சட்டமும் அதுதான். அப்பாவுக்கு அதில் இன்னும் வருத்தம்தான், ஆனாலும் மின் பணியாளர் வந்த அன்று டெஸ்டரை அவரே எடுத்துக் கொடுத்தார், பிளக்கில் ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டு.