சொடுக்கை எங்கே தடுப்பது? டிசேபிள்ட் முதல் இனெர்ட் வரை ஓர் ஒப்பீட்டு அலசல்

ஒரு படிவத்தின் அடியில் 'அனுப்பு' என்ற பொத்தான் இருக்கிறது. இணைப்பு மெதுவாக இருப்பதால் பயனர் பொறுமையிழந்து அதை மறுபடியும் அழுத்துகிறார். ஒரே விண்ணப்பம் தரவுத்தளத்தில் இரண்டாகப் பதிகிறது. இதைத் தடுக்க நினைக்கும் நிரலாளர் முன்னால் அரை டஜன் வழிகள் இருக்கின்றன. பொத்தானுக்கு அதை முடக்கும் டிசேபிள்ட் பண்பைக் கொடுக்கலாம், பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் கொண்டு சுட்டியைப் பாராமுகமாக்கலாம், ஜாவாஸ்கிரிப்ட்டில் சொடுக்கு நிகழ்வையே வழிமறிக்கலாம். சுட்டியைக் கையில் வைத்துச் சோதித்தால் எல்லாமே ஒரே விளைவைத் தருவதுபோல் தோன்றும். உண்மையில் ஒன்று பயனரின் கையைத் தடுக்கிறது, ஒன்று தரவைத் தடுக்கிறது, ஒன்று செயலைத் தடுக்கிறது. நமக்கு இவற்றில் எது நிற்க வேண்டும் என்று முடிவு செய்யாமல் எழுதும் நிரல்தான் பெரும்பாலும் பிழையாக வந்து நிற்கிறது.

டிசேபிள்ட்: ஒரே சொல், நான்கு விளைவுகள்

எல்லோரும் முதலில் கை வைப்பது டிசேபிள்ட் பண்பில்தான். பொத்தான், உள்ளீட்டுப் பெட்டி, தேர்வுப் பட்டியல், உரைப் பகுதி ஆகிய படிவக் கூறுகளுக்கு இது பொருந்தும். சாதாரண இணைப்புக்கோ, வெறும் கொள்கலனான டிவ் கூறுக்கோ இதை எழுதினால் உலாவி கண்டுகொள்ளாது. இதை எழுதியதும் நான்கு காரியங்கள் சேர்ந்து நடக்கின்றன. பயனரின் சொடுக்கு அந்தக் கூறுக்குப் போய்ச் சேராது. டேப் விசையால் அதன்மேல் குவியம் (விசைப்பலகை அடுத்து இயக்கும் கூறு எது என்ற குறி) வைக்க முடியாது. படிவம் அனுப்பப்படும்போது அதன் மதிப்பு கூடவே போகாது. உலாவியின் சரிபார்ப்பிலிருந்தும் அது விலக்கப்படும். முதல் விளைவுக்காக மட்டும் இதைப் பயன்படுத்துகிறவர்கள் மூன்றாவது விளைவில் மாட்டிக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கூட்டுத்தொகையைத் தானாகக் கணக்கிட்டுக் காட்டும் பெட்டியைப் பயனர் மாற்றிவிடக் கூடாது என்று டிசேபிள்ட் ஆக்குவார்கள். பிறகு சர்வருக்கு அந்தத் தொகை வரவில்லையே என்று அரை நாள் தேடுவார்கள்.

இன்னொரு பழைய தடுமாற்றமும் உண்டு. இது இருக்கிறதா இல்லையா என்பதை மட்டுமே பார்க்கும் பண்பு என்பதால், பக்கத்தின் கூறுகளை எழுதும் எச்டிஎம்எல்லில் அதன் மதிப்பாக ஃபால்ஸ் (இல்லை) என்று எழுதினாலும் கூறு முடங்கியே கிடக்கும். ஜாவாஸ்கிரிப்ட்டில் அந்தக் கூறின் டிசேபிள்ட் என்ற பண்புக்கு ட்ரூ அல்லது ஃபால்ஸ் கொடுப்பதே நேரான வழி.

பயனர் விசைப்பலகையால் ஒரு பொத்தானை அழுத்தியவுடன் அதே பொத்தானை முடக்கினால், அதன்மேல் இருந்த குவியம் ஆவணத்தின் உடலுக்குப் போய்விடும். சுட்டி பயன்படுத்துகிறவருக்கு இது தெரியவே தெரியாது. திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் திரைவாசிப்பானின் துணையோடு படிக்கிறவரோ தான் பக்கத்தில் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாமல் தொலைந்துபோவார்.

ரீட்ஒன்லியும் அதன் எல்லையும்

மேலே சொன்ன கூட்டுத்தொகைப் பெட்டிக்குச் சரியான பண்பு ரீட்ஒன்லி. குவியம் வைக்கலாம், எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து நகலெடுக்கலாம், மதிப்பும் சர்வருக்குப் போகும். திருத்த மட்டும் முடியாது. ஆனால் எழுத்து, எண், தேதி போன்றவற்றை ஏற்கும் பெட்டிகளுக்கும் உரைப் பகுதிக்கும் மட்டுமே இது செல்லும். செக்பாக்ஸ், ரேடியோ, தேர்வுப் பட்டியல், கோப்புத் தேர்வு ஆகியவற்றுக்கு எழுதினால் பயனில்லை.

செக்பாக்ஸை அப்படி உறையவைக்க வேண்டுமானால் அதன் சொடுக்கு நிகழ்வில், உலாவி தானாகச் செய்யும் செயலை ரத்து செய்யும் பிரிவென்ட்டிஃபால்ட்டை அழைப்பது நன்றாகவே வேலை செய்யும். உலாவி முதலில் குறியை மாற்றிவிட்டுத்தான் நிகழ்வை அனுப்புகிறது. நாம் இயல்புச் செயலை ரத்து செய்தால் பழைய நிலையைத் திருப்பி வைக்கிறது. ஸ்பேஸ் விசையால் குறியிட்டாலும் அதே சொடுக்கு நிகழ்வுதான் எழுவதால் விசைப்பலகையும் இதில் அடங்கிவிடும். அந்த நிகழ்வுக்குள்ளேயே குறியின் நிலையைச் சோதித்துப் பார்த்தால் மாறிய மதிப்புதான் தெரியும் என்பதை மட்டும் நினைவில் வைத்திருந்தால் குழப்பம் வராது. தேர்வுப் பட்டியலுக்கு இந்த வித்தை பலிக்காது, அம்புக்குறி விசைகளால் அதன் தேர்வை மாற்றிவிட முடியும். அங்கே பட்டியலை டிசேபிள்ட் ஆக்கி, அதே பெயரில் மறைந்த உள்ளீடு ஒன்றில் மதிப்பை வைத்து அனுப்புவதே நான் நம்பும் வழி.

பல கூறுகளை ஒரே நேரத்தில் முடக்க ஒவ்வொன்றாகச் சுற்றி வர வேண்டியதில்லை. படிவக் கூறுகளைக் குழுவாகக் கட்டும் ஃபீல்ட்செட் கூறுக்கு டிசேபிள்ட் கொடுத்தால் உள்ளே இருக்கும் படிவக் கூறுகள் அனைத்தும் முடங்கும்; குழுவுக்குத் தலைப்பாக நிற்கும் அதன் முதல் லெஜண்ட் கூறுக்குள் இருப்பவை மட்டும் விதிவிலக்கு. 'அனுப்பும் முகவரி வேறு' என்ற செக்பாக்ஸை அந்த லெஜண்டுக்குள் வைத்து, அதைக் கொண்டே கீழே உள்ள பகுதியைத் திறக்கவும் மூடவும் இந்த விலக்கு மிகவும் கைகொடுக்கும்.

கண்ணுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று

பாயிண்டர்-ஈவென்ட்ஸ் என்ற சிஎஸ்எஸ் பண்பும் ஏரியா-டிசேபிள்ட் என்ற எச்டிஎம்எல் பண்பும் ஒன்றுக்கொன்று நேர்எதிர். எஸ்விஜி என்ற கோட்டோவிய வடிவத்திலிருந்து வந்த பாயிண்டர்-ஈவென்ட்ஸுக்கு நன் என்ற மதிப்பைக் கொடுத்தால், சுட்டிக்கு அந்தக் கூறு இல்லாததுபோல் ஆகிவிடும். சொடுக்கு அதனூடே ஊடுருவி அடியில் இருக்கும் கூறின்மேல் விழும். ஆனால் டேப் விசையால் அந்தப் பொத்தானுக்குப் போய் என்டரை அழுத்தினால் எதுவும் தடுக்காது. அதைவிட எளிதான ஓட்டையும் உண்டு: செக்பாக்ஸை மட்டும் இப்படி மூடிவிட்டு அதன் லேபிளை மறந்துவிட்டால், லேபிளைச் சொடுக்கியே குறியை மாற்றிவிடலாம். தடைக்குறி காட்டும் சுட்டி வடிவத்தை அதே கூறுக்கு எழுதியிருந்தாலும் அது தென்படாது, ஏனெனில் சுட்டி அந்தக் கூறைத் தொடுவதே இல்லை. படத்தின்மேல் போர்த்திய அலங்கார அடுக்கு போன்றவற்றுக்கு இது அருமையான பண்பு. படிவத்தை முடக்க இதைப் பயன்படுத்துவது, வாசலைப் பூட்டாமல் வாசற்படியில் கோலமிட்டு மறைப்பதற்குச் சமம்.

ஏரியா-டிசேபிள்ட் எதையுமே தடுப்பதில்லை. இந்தப் பொத்தான் இப்போது இயங்காது என்று திரைவாசிப்பானுக்குச் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. சொடுக்கு வரும், குவியம் நிற்கும், படிவமும் போகும். சாம்பல் நிறத்தை நாமே சிஎஸ்எஸ்ஸில் எழுத வேண்டும், செயலை நாமே ஜாவாஸ்கிரிப்ட்டில் நிறுத்த வேண்டும். வேலை கூடுதல்தான். ஆனாலும் பொத்தானை அழுத்திய பயனருக்கு 'கைபேசி எண்ணை இன்னும் நிரப்பவில்லை' என்று காரணம் சொல்ல இதில் இடம் இருக்கிறது. டிசேபிள்ட் ஆக்கிய பொத்தானோ ஏன் என்று கேட்டாலும் வாய் திறக்காது. எல்லாப் பெட்டிகளும் நிரம்பும் வரை 'அனுப்பு' பொத்தானை மங்கலாக்கி வைக்கும் வடிவமைப்பு எனக்கு உவப்பானதல்ல என்பதற்கு இதுவே காரணம்.

இவற்றில் இளையது இனெர்ட் என்ற எச்டிஎம்எல் பண்பு. 2022இல் குரோமும் சஃபாரியும், 2023இல் ஃபயர்பாக்ஸும் இதை ஏற்றுக்கொண்டன. ஒரு பெரிய பகுதிக்கு இதைக் கொடுத்தால் அதற்குள் சொடுக்கு, குவியம், திரைவாசிப்பு மூன்றும் அடைபடும். பாயிண்டர்-ஈவென்ட்ஸ் விட்டுவைத்த விசைப்பலகை ஓட்டை இதில் இல்லை. தோற்றம் மாறாது, படிவக் கூறுகளின் மதிப்புகளும் வழக்கம்போல் அனுப்பப்படும். ஆகவே தரவைத் தடுக்க விரும்புகிறவருக்கு இது உதவாது. பக்கவாட்டுப் பட்டி திறந்திருக்கும்போது பின்னால் உள்ள பகுதியை அடைத்துவைக்க விரும்புகிறவருக்கு இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

நிகழ்வையே மறிப்பது

பிரிவென்ட்டிஃபால்ட் உலாவியின் இயல்புச் செயலை மட்டும் ரத்து செய்கிறது: இணைப்பு திறக்காது, படிவம் போகாது, ஆனால் நிகழ்வு மேலே உள்ள கூறுகளுக்குத் தொடர்ந்து ஏறிச் செல்லும். ஸ்டாப்ப்ராபகேஷன் அந்தப் பயணத்தை நிறுத்துகிறது, இயல்புச் செயலைத் தொடுவதில்லை. ஸ்டாப்இம்மீடியட்ப்ராபகேஷன் அதே கூறில் அடுத்துக் காத்திருக்கும் கேட்பான்களையும் (நிகழ்வு வந்ததும் இயங்கும் நிரல்களையும்) சேர்த்து நிறுத்துகிறது. கேட்பானின் முடிவில் எழுதும் ரிட்டர்ன் ஃபால்ஸ்தான் பொதுவான குழப்பம்: எச்டிஎம்எல்லில் எழுதும் ஆன்கிளிக் பண்பில் அது இயல்புச் செயலை மட்டும் நிறுத்தும், ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் பயணத்தையும் சேர்த்து நிறுத்தும், ஆட்ஈவென்ட்லிஸனர் வழியாகச் சேர்த்த கேட்பானில் ஒன்றுமே செய்யாது. பழைய நிரலை ஜேகுவெரியிலிருந்து வெளியே கொண்டுவருகிறவர்கள் முதலில் தேட வேண்டிய வரி இதுவே.

ஸ்டாப்ப்ராபகேஷனைக் கண்ட இடத்திலெல்லாம் எழுதுவதை நான் ஆதரிப்பதில்லை. வெளியே சொடுக்கினால் மூடும் பட்டியல்கள் ஆவணத்தின் மட்டத்தில் சொடுக்குக்காகக் காத்திருக்கும். இடையில் யாரோ நிறுத்திவிட்டால் அவை திறந்தபடியே நிற்கும், காரணமோ வேறொரு கோப்பில் ஒளிந்திருக்கும்.

வலச்சொடுக்கு

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் இடப் பொத்தானுக்கு 1, வலதுக்கு 2, நடுவுக்கு 4 என்று எண்ணியது. இன்றைய தரம் முறையே 0, 2, 1 என்கிறது. அந்தக் காலத்து நிரல்கள் உலாவியை இனம் பிரித்துப் பார்த்து எச்சரிக்கைப் பெட்டி காட்டியதற்கு இதுவும் ஒரு காரணம். இப்போது வலச்சொடுக்குப் பட்டியல் திறக்கும்போது எழும் கான்டெக்ஸ்ட்மெனு நிகழ்வில் பிரிவென்ட்டிஃபால்ட்டை அழைத்தால் போதும். வரைபடக் கருவி, விளையாட்டு போன்றவற்றில் சொந்தப் பட்டியல் காட்ட அது நியாயமான பயன்பாடு. படங்களையும் எழுத்தையும் காப்பாற்றவென்று செய்தால் ஏமாற்றமே மிஞ்சும்: ஃபயர்பாக்ஸில் ஷிஃப்ட் விசையோடு வலச்சொடுக்கு செய்தாலே இயல்பான பட்டியல் வந்துவிடும், ஜாவாஸ்கிரிப்ட்டை அணைத்தால் தடையே இருக்காது. இணைப்பைப் புதிய தாவலில் திறக்க நினைத்த நல்ல பயனருக்குத்தான் தொல்லை.

இரட்டை அனுப்புதலில் யார் வெல்கிறார்?

தொடங்கிய இடத்துக்கு வருவோம். பலரும் எழுதுவது, சொடுக்கு நிகழ்வில் பொத்தானை டிசேபிள்ட் ஆக்கும் ஒற்றை வரி. படிவத்தை அனுப்பும் வேலை சொடுக்கு நிகழ்வு முடிந்த பிறகே நடப்பதால், அதற்குள் பொத்தான் முடங்கியிருந்தால் படிவம் போகாமலேயே நின்றுவிடும். இரண்டு முறை போவதைத் தடுக்கப் போய் ஒரு முறை போவதையும் தடுத்ததாக ஆகிவிடும்.

ஆகவே இடத்தை, படிவம் அனுப்பப்படும்போது எழும் சப்மிட் நிகழ்வுக்கு மாற்ற வேண்டும். உரைப்பெட்டியில் என்டர் அழுத்தி அனுப்புகிறவரும் அந்த வழியாகத்தான் வருவார் என்பது கூடுதல் ஆதாயம். அங்கே டிசேபிள்ட் ஆக்கினால் படிவம் போகும். ஆனால் தரவு திரட்டப்படுவது சப்மிட் நிகழ்வுக்குப் பிறகு என்பதால் பொத்தானுக்கு வைத்திருந்த பெயரும் மதிப்பும் கூடப் போகாது. 'வரைவாகச் சேமி', 'அனுப்பு' என்று இரண்டு பொத்தான்கள் வைத்து எது அழுத்தப்பட்டது என்பதைச் சர்வரில் பார்க்கும் படிவத்தில் இது அமைதியாக விளையாடும். செட்டைம்அவுட் கொண்டு முடக்கத்தை ஒரு கணம் தள்ளிப்போட்டு இதைச் சமாளிக்கிறவர்கள் உண்டு. குவியம் தொலையும் சிக்கல் அப்போதும் தீராது.

என் தேர்வு வேறு. சப்மிட் நிகழ்வில் 'அனுப்பியாயிற்று' என்ற குறியைப் படிவத்தின்மேல் பதிந்து, பொத்தானுக்கு ஏரியா-டிசேபிள்ட் கொடுத்து, எழுத்தை 'அனுப்பப்படுகிறது' என்று மாற்றுவேன். குறி ஏற்கெனவே இருந்தால் பிரிவென்ட்டிஃபால்ட்டை அழைத்து நிறுத்திவிடுவேன். பொத்தான் உயிரோடு இருக்கிறது, குவியம் நகரவில்லை, மதிப்பும் போகிறது, இரண்டாவது அனுப்புதல் மட்டும் நிற்கிறது. நிரலிலிருந்து அனுப்ப வேண்டியிருந்தால் ரெக்வெஸ்ட்சப்மிட்டை அழைக்க வேண்டும். சப்மிட் என்ற பழைய செயற்கூறு சப்மிட் நிகழ்வை எழுப்பாது, சரிபார்ப்பையும் செய்யாது, ஆகவே அது இந்தக் காவலின் கண்ணில் படாமலே போய்விடும்.

பின்செல் பொத்தானை அழுத்தித் திரும்பி வருகிறவருக்காக ஒரு வரி மீதம் இருக்கிறது. உலாவி பழைய பக்கத்தை அப்படியே நினைவிலிருந்து மீட்டுத் தந்தால் நம் குறியும் கூடவே மீண்டு வந்து, திருத்தி அனுப்ப நினைப்பவரை வழிமறிக்கும். பக்கம் மீண்டும் தோன்றும்போது எழும் பேஜ்ஷோ நிகழ்வில் அதை அழிக்க வேண்டும். டிசேபிள்ட் வழியைத் தேர்ந்தவர்களுக்கு ஃபயர்பாக்ஸில் இன்னொரு வேலையும் காத்திருக்கிறது: நிரலால் முடக்கிய பொத்தானின் நிலையை அது பக்கத்தை மறுபடி ஏற்றும்போதும் நினைவில் வைத்திருக்கும் என்பதால், அந்தப் பொத்தானுக்கு ஆட்டோகம்ப்ளீட் பண்பை ஆஃப் என்று எழுத வேண்டும். இத்தனைக்குப் பிறகும் இணைப்பு அறுந்து உலாவியே கோரிக்கையை மறுபடி அனுப்பும் தருணங்களை எந்தப் பொத்தானாலும் தடுக்க முடியாது. ஒவ்வொரு படிவத்தோடும் ஒரு தனி அடையாள எண்ணை அனுப்பி, அதே எண் இரண்டாவது முறை வந்தால் சர்வர் புதிதாகப் பதியாமல் முதல் பதிலையே திருப்பித் தரும்படி எழுதிவைப்பதுதான் அங்கே செல்லுபடியாகும்.