புதுக்கடையில் கேட்கப்பட்ட முதல் கேள்வி

அம்மாவின் பெயரிலுள்ள வெள்ளவத்தை வீடு பூட்டிக் கிடந்த காலத்தில், அயலவர் தகர வேலியை எங்கள் பின்வளவுக்குள் தள்ளி நட்டுக் கட்டடச் சாமான்களை அடுக்கியிருந்தார். அம்மாவின் சார்பில் செயற்பட அதிகாரமளிக்கும் அற்றோர்னி தத்துவத்துடன் லண்டனிலிருந்து வந்த நான், பொலிஸில் முறைப்பாடு செய்தால் நீதவான் அவரை விரைவில் தண்டித்துவிடுவார் என்று நம்பினேன்.

கொழும்பின் நீதிமன்றப் பகுதியான புதுக்கடையில் சந்தித்த சட்டத்தரணியோ காணி உறுதிப் பத்திரத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், வேலி எப்போது நகர்ந்தது என்றுதான் முதலில் கேட்டார். மச்சான் அனுப்பிய படங்களை வைத்து ஏழு வாரம் என்று கணக்கிட்டோம். சமாதானம் குலையக்கூடிய காணிப் பிணக்கு 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்றச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் விசாரிக்கப்படும்போது, காணி யாருக்குச் சொந்தம் என்பதையன்றி, யார் வசம் இருந்தது என்பதையே நீதிமன்றம் பார்க்கிறது. பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர், அது மனு தாக்கலுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் நடந்தது என்று காட்டினால் காணியைத் திரும்பப் பெறலாம். அது தவறினால் மாவட்ட நீதிமன்றத்தில் உரிமை வழக்கு, அதாவது ஆண்டுக்கணக்கு. வெளிநாட்டில் இருப்பவருக்குச் செய்தி வந்து சேரவே அந்த இரண்டு மாதம் போய்விடும்.

அத்துமீறல் குற்றச்சாட்டின் கதை வேறு. தண்டனைச் சட்டக்கோவையின் 427ஆம் பிரிவின்படி, பிறர் வசமுள்ள காணிக்குள் நுழைந்தது மட்டும் போதாது. குற்றம் புரியவோ, இருப்பவரை அச்சுறுத்தவோ, அவமதிக்கவோ, தொல்லைப்படுத்தவோ எண்ணியதாக நிரூபிக்க வேண்டும். எல்லை தெரியாமல் நட்டேன் என்று ஒருவர் சொன்னால் அதை உடைப்பது கடினம். அதனால்தான் இவ்வகை வழக்குகளில் பெரும்பாலானவை, எதிராளி வெளியேறச் சம்மதிக்க, முறைப்பாட்டாளர் சமரசம் செய்துகொள்வதில் முடிகின்றன என்றார் அவர்.

எங்கள் விடயம் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபைக்குப் போனது. சனிக்கிழமை, ஒரு பாடசாலை வகுப்பறை, முழங்கால் இடிக்கும் சிறுவர் வாங்குகள். மூன்று மத்தியஸ்தர்கள் இருந்தனர். சட்டத்தரணிக்கு அங்கே இடமில்லை, தீர்ப்பு வழங்கும் அதிகாரமும் அவர்களுக்கு இல்லை. இணங்காவிட்டால் இணக்கமின்மைச் சான்றிதழ் தருவார்கள், பிறகு நீதிமன்றம். சிங்களத்தில் தொடங்கிய பேச்சை ஒரு மத்தியஸ்தர் எனக்காகத் தமிழுக்கு மாற்றினார். அதிகாரமற்ற அந்த மூவர் எதைச் சாதிப்பார்கள் என்று நான் முதலில் இளக்காரமாகத்தான் நினைத்தேன். ஆனால், நில அளவையாளரின் கூலியில் பாதியைத் தாமே தருவதாகவும், அளந்த கோட்டுக்கு அப்பால், தம் பக்கத்துக்கு வேலியை நகர்த்துவதாகவும் அயலவர் அங்கேதான் எழுதிக் கையொப்பமிட்டார். 66ஆம் பிரிவு மனு தயாராக இருந்தும் தாக்கல் செய்யத் தேவைப்படவில்லை.

பின்வளவை மாதம் ஒரு முறை திகதியுடன் படமெடுத்து அனுப்ப மச்சான் ஒப்புக்கொண்டிருக்கிறார். முதல் படத்தில் தகரங்கள் இன்னும் சரிந்து கிடக்கின்றன, அயலவரின் பக்கத்தில்.