இன்வாய்ஸின் பின்பக்கத்தில் முளைத்த நிபந்தனை: தொழில் செய்பவர்கள் கவனத்துக்கு

நாங்கள் வாங்கிய லேபிள் அச்சு இயந்திரத்துக்கான விலைப்புள்ளியில் "அனைத்துப் பாகங்களுக்கும் ஓராண்டு உத்தரவாதம்" என்று தெளிவாக இருந்தது. அதைக் குறிப்பிட்டே கொள்முதல் ஆணை அனுப்பினோம். "ஆர்டர் ஏற்கப்பட்டது" என்று மின்னஞ்சல் வந்தது, முன்பணமும் கொடுத்தாயிற்று.

இரண்டாம் மாதமே, லேபிளில் அச்சைப் பதிக்கும் பாகமான பிரிண்ட் ஹெட் பழுது. ஒவ்வொரு லேபிளிலும் பார்கோடின் கறுப்புப் பட்டைகளுக்கு இணையாக, ஒரு பட்டையை அழித்தபடி ஒரு வெள்ளைக் கோடு. எந்த ஸ்கேனரும் அதைப் படிக்கவில்லை. புகார் செய்தால், "பிரிண்ட் ஹெட் தேய்மானப் பொருள், அதற்கு உத்தரவாதம் கிடையாது, இன்வாய்ஸின் பின்பக்கம் 7ஆவது நிபந்தனையைப் பாருங்கள்" என்றார்கள். வெளிர் சாம்பல் நிறத்தில், பூதக்கண்ணாடி கேட்கும் பொடி எழுத்தில் இருந்தது. அந்தத் தாள் இயந்திரத்தோடுதான் எங்கள் கைக்கே வந்தது.

ஒருவர் முன்மொழிந்ததை மற்றவர் அப்படியே ஏற்று, இருவரும் ஒன்றுக்கொன்று ஈடாக ஏதாவது தர இசைந்தால் ஒப்பந்தம் உருவாகிவிடும். எங்கள் ஒப்பந்தம் அந்த மின்னஞ்சலிலேயே முடிந்துவிட்டது. அதன்பிறகு ஒரு தரப்பு மட்டும் புது நிபந்தனையைச் செருக முடியாது. ஆலி எதிர் மார்ல்பரோ கோர்ட் என்ற 1949ஆம் ஆண்டின் இங்கிலாந்துத் தீர்ப்பு இதைத்தான் சொல்கிறது. பொருள் தொலைந்தால் பொறுப்பில்லை என்று ஓட்டல் அறைக்குள் மாட்டியிருந்த அறிவிப்பு செல்லவில்லை. ஒப்பந்தம் வரவேற்பு மேசையிலேயே முடிந்திருந்தது.

விற்பனை மேலாளர் அடுத்த அஸ்திரத்தை எடுத்தார்: "இன்வாய்ஸ் வந்தபோது மறுக்கவில்லையே, மௌனம் சம்மதம்தானே?" கல்யாணப் பேச்சுக்கு வேண்டுமானால் அது சரி. பதில் வராவிட்டால் குதிரை என்னுடையது என்று ஒருவர் எழுதிய கடிதம் ஒப்பந்தமாகாது என 1862லேயே பெல்ட்ஹவுஸ் எதிர் பிண்ட்லி வழக்கில் முடிவாகிவிட்டது. ஆனால் ஒரே நிறுவனத்திடம் அதே நிபந்தனைகளோடு பலமுறை வாங்கியிருந்தால், அவை தெரிந்தே வாங்கியதாக நீதிமன்றம் கொள்ளக்கூடும். எங்களுக்கு இது முதல் கொள்முதல், அதனால் பிழைத்தோம்.

உண்மையான சூழ்ச்சி பிறகுதான் வந்தது. பழுது பார்க்க வந்த பணியாளர், "நான் வந்து போனதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான்" என்று ஒரு படிவத்தை நீட்டினார். அதன் கடைசி வரி: "இன்வாய்ஸ் நிபந்தனைகள் அனைத்தையும் ஏற்கிறேன்." அந்த வரியை அடித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டோம். படிக்காமல் கையெழுத்திட்டாலும் கட்டுப்பட வேண்டும் என்பதே பொது விதி. 1934இல் லெஸ்ட்ரேஞ்ச் எதிர் கிராக்கோப் வழக்கில், ஓடாத சிகரெட் விற்பனை இயந்திரத்தை வாங்கிய பெண் இப்படித்தான் தோற்றார். தொழிலுக்காக வாங்குகிறவர்களுக்கு நுகர்வோர் சட்டத்தின் கவசமும் பல நாடுகளில் கிடைப்பதில்லை.

வக்கீல் நோட்டீஸ் போனதும் பாதி விலைக்கு பிரிண்ட் ஹெட் தருவதாக இறங்கி வந்தார்கள். மறுத்துவிட்டோம். வழக்கென்றால் தங்கள் ஊர் நீதிமன்றத்தில்தான் என்று இப்போது 12ஆவது நிபந்தனையைக் காட்டுகிறார்கள். அதுவும் அதே பின்பக்கத்தில் இருப்பதுதான் என்பதால், எங்கள் ஊரிலேயே வழக்குத் தொடர வக்கீல் மனு தயாரித்துக்கொண்டிருக்கிறார்.