ராணுவ வீட்டுப் பிள்ளைங்களுக்கான எல்மோ வீடியோ எப்படி இருக்கு?
அமெரிக்கால ராணுவத்துல இருக்கிறவங்க பிள்ளைகளுக்காக, எல்மோ, ரோசிட்டா மாதிரி பொம்மைங்க வர்ற செசமி ஸ்ட்ரீட் டிவி நிகழ்ச்சிய எடுக்குற செசமி வொர்க்‌ஷாப் 2006லேர்ந்து எடுத்த வீடியோ எல்லாம் பாத்தேன், குழந்தைகளுக்கு எழுதுற யாரும் இத விட்றாதீங்க. 2008ல வந்ததுல ரோசிட்டாவோட அப்பா வீல்சேர்ல வீட்டுக்கு வர்றாரு, அப்பா ஹீரோ, நீ அழக்கூடாதுன்னு பில்டப் எதுவும் இல்ல, அவளுக்கு வர்ற கோவம் வருத்தம் எல்லாத்தையும் பேச விடுறாங்க.

2010ல வந்தது இன்னும் கனம். எல்மோவோட அங்கிள் ஜாக் இறந்துட்டாரு. நாம சாமிகிட்ட போயிட்டாரு, தூங்குறாருன்னு மழுப்புவோம்ல, அதெல்லாம் கிடையாது, இறந்துட்டாருன்னே சொல்றாங்க. அதுதான் சரி, தூங்குறாருன்னா பிள்ளை ராத்திரி கண்ண மூடவே பயப்படும், வெளியூர் போயிருக்காருன்னா எப்ப வருவாருன்னு வாசலயே பாத்துட்டு இருக்கும், ராணுவ வீட்டுல அப்பா ஊருக்கு போறதும் திரும்பி வர்றதும் வழக்கம்ங்கிறதால இந்த குழப்பம் இன்னும் ஜாஸ்தி.

நிஜ குடும்பங்க பேசுற இடம் மட்டும் சின்னதுங்களுக்கு கொஞ்சம் நீளம், பெரியவங்களும் பக்கத்துல உக்காந்து பாருங்க. அங்க ராணுவ குடும்பங்களுக்கு இலவசமாவே குடுத்தாங்க, நல்ல விஷயம். முதல்ல ரோசிட்டா கதைய போட்டு காட்டுங்க, மத்தது அப்புறம்.