மலேசியா சுங்கை சிப்புட்ல பழைய காடிக்கு (காருக்கு) ஸ்பேர்பார்ட்ஸ் கடை

டவுன்ல பாசார் (மார்க்கெட்) பக்கத்து சந்துல இருக்குற கடை, போர்டு பாதி அழிஞ்சிருக்கும், பழைய புரோட்டோன் வீரா, சாகா கார் வச்சிருக்கவங்களுக்கு சரியான எடம். என்னோடது 4ஜி15 இன்ஜின் வீரா, ஜாம்ல நின்னா சூடு ஏறுது ஓடுனா எறங்கிடுதுன்னேன், வாட்டர் பம்ப்ப தலையில கட்டாம "மொதல்ல ஃபேன் சுத்துதான்னு பாரு தம்பி"ன்னாரு கவுண்டர் அண்ணன். ரேடியேட்டர்ல உள்ள ஃபேன் சுவிட்ச்தான் (தண்ணி சூடானா ஃபேன ஓட விடுறது) போயிருந்துச்சு, மாத்துனது நானே, ஸ்பானர் ஒன்னு போதும், ஆனா இன்ஜின் ஆறாம ரேடியேட்டர் மூடியத் தொறக்காதீங்க, கொதிக்கிற தண்ணி மூஞ்சியில அடிக்கும். கூலன்ட் ஊத்துனதும் மூடியத் தொறந்தே வச்சு ஃபேன் ஓடுற வரைக்கும் ஐடிலிங்ல விடுங்க, அப்பதான் காத்து வெளியாகும், கொறைய கொறைய ஊத்தணும். பைப்பு தண்ணி வேணாம் லா, உள்ள உப்பு படியும்.

கொறை என்னன்னா ஹோஸ் கிளிப்பு மட்டமான சரக்கு, முறுக்குனா வழுக்குது, தெர்மோஸ்டாட் கேட்டா அதோட போடுற கேஸ்கெட்ட (ஒழுகாம அடைக்கிறது) நீங்களா கேக்கணும். ரேடியேட்டர் மூடிக்கு பழச கையோட கொண்டு போங்க, மூடியோட பிரஷர் அளவு 0.9 பார் இருந்த எடத்துல 1.1 போட்டா பழைய ஹோஸ் தாங்காது. வெல வெளியூரவிட கொஞ்சம் கம்மிதான், பார்க்கிங் மட்டும் கேக்காதீங்க.