நுனியை வெட்டுவதா, ஹோஸையே மாற்றுவதா?

கிளிநொச்சிப் பக்கம் பழைய பெற்றோல் வானில் எரிபொருள் ஹோஸ் வெடித்தால், பலர் நுனியை ஓரங்குலம் வெட்டிவிட்டுக் கிளிப்பை இறுக்குவார்கள். செலவில்லை, வழியில் நின்றால் வீடு வந்துசேரலாம். ஆனால் வெடிப்பு நுனியோடு நிற்காது. ஹோஸை வளைத்துப் பாருங்கள்: மயிரிழைக் கீறல்கள் விரிந்தால் அது முழுக்கக் காய்ந்துவிட்டது. நானும் வெட்டித்தான் ஓட்டினேன். மாங்குளம் தாண்டும்போது பெற்றோல் மணந்தது, பின்சீற்றில் பிள்ளைகள். அன்றோடு விட்டுவிட்டேன்.

மாற்றுவதே சரி. கார்புரேட்டர் வண்டிக்கு ஜே30 ஆர்7 (J30 R7) என்ற தரக்குறியுள்ள ஹோஸ் போதும். பெற்றோலை அழுத்தத்தோடு பீச்சும் இன்ஜெக்சன் வண்டிக்கு, அந்த அழுத்தம் தாங்கும் ஆர்9 (R9) வேண்டும். ஹோஸிலேயே அச்சிட்டிருக்கும், வாசித்து வாங்குங்கள். தண்ணீர்க் குழாயைப் போடவே வேண்டாம், பெற்றோல் பட்டால் ஊதிவிடும். பழைய கிளிப்பையும் எறியுங்கள். முதலில் பற்றரி வயரைக் கழற்றி, இஞ்சின் ஆறிய பிறகு கை வையுங்கள்.