பழைய பவுலிங் பந்து: அப்படியே வீசுவதா, துளையை அடைப்பதா, புதிதாக வாங்குவதா?

பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளை வீழ்த்தும் டென்பின் பவுலிங்கில் பழைய பந்துக்குத் தடை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பந்து பத்து வருடம் பழசு என்ற ஒரே காரணத்துக்காக, "இனி போட்டிக்கு ஆகாது" என்று ஓரங்கட்டுபவர்கள் நிறையப் பேர். அமெரிக்காவில் இந்த விளையாட்டுக்கு விதி வகுப்பது யுனைடெட் ஸ்டேட்ஸ் பவுலிங் காங்கிரஸ், சுருக்கமாக யுஎஸ்பிசி. அதன் விதிகள் பந்தின் வயதைக் கேட்பதில்லை. பந்து அங்கீகாரம் பெற்றதா, துளைகள் எப்படி இருக்கின்றன, எடை எங்கே நிற்கிறது, மேற்பரப்பு எவ்வளவு கெட்டி என்றுதான் கேட்கின்றன. சிக்கல் என்னவென்றால், 2020 ஆகஸ்ட் 1-ஆம் தேதி துளை பற்றிய விதி மாறியது: வீசும்போது விரல் நுழையாத உபரித் துளைக்கு இனி இடமில்லை. அதற்கு முன்பு முறைப்படி துளையிட்ட ஏராளமான பந்துகள் அன்றோடு விதிக்கு வெளியே போய்விட்டன.

அப்படி ஒரு பந்து கையில் இருப்பவருக்கு நான்கு வழிகள் உண்டு. அப்படியே பயன்படுத்தலாம், உபரித் துளையை மட்டும் அடைக்கலாம், எல்லாத் துளைகளையும் அடைத்துப் புதிதாகத் துளையிடலாம், அல்லது புதுப் பந்து வாங்கலாம். எந்த வழிக்குப் போவதாக இருந்தாலும் அதற்கு முன் பார்க்க வேண்டியது அங்கீகாரப் பட்டியல்.

யுஎஸ்பிசி வெளியிடும் பட்டியல் 1991 ஜனவரியிலிருந்து அங்கீகரிக்கப்பட்ட பந்துகளைக் கொண்டது. அதில் தேடும்போது பந்தின் முழுப் பெயரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஒரே பெயரில் வால் மட்டும் மாறி மூன்று நான்கு பந்துகள் வந்திருக்கும். ஒன்றின் அங்கீகாரம் இன்னொன்றுக்குச் செல்லாது. அப்புறம் வரிசை எண். பலமுறை மணல்தாள் போட்டுத் தேய்த்த பழைய பந்துகளில் அந்த எண் மங்கிப்போயிருக்கும். எண் இல்லாத பந்து போட்டிக்கு வராது. முழுதாக அழிவதற்குள், இருக்கும் அதே எண்ணைப் புரோ ஷாப்பில், அதாவது பந்து விற்றுத் துளையிட்டுத் தரும் கடையில், மறுபடி பொறித்துக்கொள்வது நல்லது. விட்டம் 8.500 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, எடை 16 பவுண்டைத் தாண்டக் கூடாது. விட்டம் பெரும்பாலும் பிரச்சினை ஆகாது. எடை ஆகலாம், ஏன் என்று கீழே வருகிறது.

அப்படியே வீசுவது

விரல்களுக்கும் கட்டைவிரலுக்கும் மட்டும் துளையிட்ட பந்து என்றால் ஒரு வேலையும் செய்யத் தேவையில்லை. சொல்லப்போனால் 2020 மாற்றம் இவர்களுக்குச் சாதகம். முன்பு பத்து பவுண்டுக்கு மேற்பட்ட பந்தின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட 1 அவுன்ஸுக்கு மேல் கனமாக இருக்கக் கூடாது. இப்போது 3 அவுன்ஸ் வரை விட்டிருக்கிறார்கள். பழைய கணக்கில் தேறிய பந்து புதிய கணக்கிலும் தானாகவே தேறும்.

பிளாஸ்டிக் என்று நாம் அழைக்கும் பாலியஸ்டர் பந்துகள் பெரும்பாலும் இந்த வகைதான். ஸ்பேர் எடுக்க, அதாவது முதல் வீச்சில் மிஞ்சிய கட்டைகளை வீழ்த்த, நேர்க்கோட்டில் போகும் பந்து போதும். பந்து ஓடும் தளமான லேனில் எண்ணெய் பூசியிருப்பார்கள்; பாலியஸ்டர் அந்த எண்ணெயை உறிஞ்சுவதில்லை, வருடங்கள் ஓடினாலும் குணம் மாறுவதில்லை. இருபது வருடப் பழைய பிளாஸ்டிக் பந்தைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதியது வாங்குவதில் எந்தப் பயனும் எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஒரு கண்ணி உண்டு. இன்று கட்டைவிரலைப் பயன்படுத்தாமலும் இரு கைகளாலும் வீசுபவர்கள் பெருகிவிட்டார்கள். வேறொருவருக்குத் துளையிட்ட பழைய பந்தை வாங்கி, கட்டைவிரல் துளையை அப்படியே திறந்து விட்டுவிட்டு இரு விரலில் வீசினால் அது விதிமீறல். ஒவ்வொரு வீச்சிலும் எல்லாத் துளைகளிலும் விரல் இருந்தாக வேண்டும் என்பதுதான் இன்றைய விதி. விரல் போகாத துளை, கட்டைவிரலுக்காகவே போடப்பட்டிருந்தாலும், உபரித் துளைதான்.

உபரித் துளையை அடைப்பது

பேலன்ஸ் ஹோல் என்று எல்லோரும் அழைத்த நான்காவது துளை இரண்டு காரணங்களுக்காக இருந்தது. ஒன்று, பக்க எடை 1 அவுன்ஸைத் தாண்டினால் அந்தப் பக்கம் ஓட்டை போட்டு எடையைக் குறைப்பது. இரண்டாவது, பந்தின் நடத்தையையே மாற்றுவது. இரண்டாவது காரணம்தான் போகப்போகப் பெரிதானது.

லேனிலிருந்து திரும்பி வரும் பந்தைத் துடைக்காமல் பாருங்கள். மேற்பரப்பில் எண்ணெய் வளையங்கள் வரிசையாக இருக்கும். ஓரிடத்தில் எல்லாம் ஒன்றாகக் குவிந்து, அங்கிருந்து விசிறியாக விரியும். பந்து உருள உருள அதன் சுழல் அச்சு நகர்வதால், ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புதிய இடம் லேனைத் தொடுகிறது. வளையங்களுக்கிடையே இடைவெளி அதிகம் என்றால் பந்து லேனை அதிகம் பிடிக்கும், அதிகம் வளையும். சரியான இடத்தில் போட்ட பேலன்ஸ் ஹோல் இந்த விரிவைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். மோ பினல் என்ற பந்து வடிவமைப்பாளர் இந்த இடங்களை பி1 முதல் பி4 வரை வகைப்படுத்தினார். பி1 விரிவைக் குறைக்கும், பி2 பெரிதாக எதையும் மாற்றாது, பி3 கூட்டும், பி4 இன்னும் கூட்டும்.

துளையை அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு விடை இதில்தான் இருக்கிறது. "பிளக் போட்ட பிறகு பந்து செத்துவிட்டது" என்று புலம்புபவரின் பந்தில் பெரும்பாலும் பி3 அல்லது பி4 துளை இருந்திருக்கும். பி1 இருந்த பந்து அடைத்த பிறகு முன்பைவிட நன்றாகவே வளையும். பி2 என்றால் வித்தியாசத்தை உணர்வதே கடினம். ஆகவே அடைப்பதற்கு முன் துளை எந்த இடத்தில் இருக்கிறது என்று துளையிடுபவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை.

அடைத்த பிறகு பக்க எடை தேறுமா என்று பலர் பயப்படுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1 அங்குல அகலமும் 3 அங்குல ஆழமும் கொண்ட துளையை எடுத்துக்கொள்வோம். 15 பவுண்டு பந்தில் அந்த அளவு பொருளின் எடை சுமார் ஒன்றே முக்கால் அவுன்ஸ். பழைய விதிப்படி அந்தப் பக்கம் ஏற்கெனவே 1 அவுன்ஸ் கூடுதலாக இருந்தாலும், அடைத்த பிறகு மூன்றுக்குள்தான் வரும். துளை ஒன்றேகால் அங்குல அகலத்தில் 4 அங்குல ஆழம் போயிருந்தால் கதை வேறு. அங்கே மூன்றரை அவுன்ஸுக்கு மேல் உள்ளே போகிறது. அந்தப் பந்தைப் பக்க எடை காட்டும் டோடோ தராசில் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். 16 பவுண்டு பந்து வைத்திருப்பவர்கள் மொத்த எடையையும் பாருங்கள். துளை இருந்ததால் எல்லைக்குள் நின்ற பந்து, அடைத்ததும் ஓர் அவுன்ஸ் மீறி நிற்கலாம்.

வேலை சிரமமானதல்ல. இரண்டு திரவங்களைக் கலந்து துளையில் சற்று அதிகமாகவே ஊற்றி, இறுகவிட்டு, மேடாக நிற்பதைச் சீவி, பந்தைச் சுழலவிட்டு வழவழப்பாக்குவார்கள். ஒரு துளைக்கு ஆகும் செலவு புதுப் பந்தின் விலையில் சிறு பங்குதான். பந்து இன்னும் உயிரோடு இருக்கிறது என்றால், என்னைக் கேட்டால் இதுதான் நான்கில் சிறந்த வழி.

முழுதாக அடைத்து மறுபடி துளையிடுவது

இது இரண்டு பேருக்குத்தான் பொருந்தும்: பிறருடைய பந்தை வாங்கியவர், கட்டைவிரலை விட்டுவிட்டு இரு கை வீச்சுக்கு மாறியவர். பந்தின் கருவை, அதாவது உள்ளே இருக்கும் எடைப் பகுதியை, எந்தக் கோணத்தில் வைப்பது என்று புதிதாகத் தீர்மானிக்கலாம் என்பது இதன் பெரிய லாபம். நஷ்டம், கூலி. இத்தனை துளைகளை அடைத்துத் திரும்பத் துளையிடும் செலவில் நல்ல நிலையில் உள்ள இன்னொரு பழைய பந்தே கிடைத்துவிடலாம். பந்து உருளும் தடத்தின் மேல் அடைப்பு விழுந்தால் நாளடைவில் விளிம்பு பெயரவும் கூடும். கட்டைவிரல் துளை இல்லாமல் துளையிட்டால், எந்தப் பக்கம் உள்ளங்கை வரும் என்று பந்தில் குறி போட்டிருக்க வேண்டும். பந்தைத் திருப்பிப் பிடித்து வேறு முகத்தில் வீசக் கூடாது.

புதியது வாங்குவது

ரியாக்டிவ் ரெசின் பந்துகளுக்கு மட்டும் இதை நான் முழு மனதோடு பரிந்துரைப்பேன். 1990-களின் தொடக்கத்தில் வந்த இந்த மேலோடு எண்ணெயை உறிஞ்சிக்கொண்டே லேனைப் பிடிக்கிறது. உறிஞ்சியது உள்ளேயே தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிப்பு போய்விடும். புரோ ஷாப்பில் மிதமாகச் சூடாக்கி எண்ணெயை வெளியே வரவழைத்து, மேற்பரப்பைப் புதிதாகத் தேய்த்தால் ஓரளவு திரும்பும். அதற்குப் பிறகும் பந்து வழுக்கிக்கொண்டே போனால், அதில் பிளக் போடச் செலவழிக்காதீர்கள். உயர்ரகப் புதுப் பந்தின் விலை 200 டாலரைத் தொட்டுவிடும் என்பது உண்மைதான். செத்த பந்தில் போடும் பணம் அதைவிட வீண்.

ஆனால் புதிது என்றால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். 2016-இல் மோட்டிவ் நிறுவனத்தின் ஜாக்கல், ஜாக்கல் கார்னேஜ் என்ற இரு பந்துகளின் அங்கீகாரத்தை யுஎஸ்பிசி திரும்பப் பெற்றது. கருவின் வேறுபாட்டளவு, அதாவது மேலே சொன்ன வளைய விரிவை முடிவு செய்யும் எண், 0.060 அங்குல வரம்பைத் தாண்டியிருந்தது. 2022 மார்ச்சில் ஸ்டார்ம் நிறுவனத்தின் ஸ்பெக்டர் பந்துக்கும் அதே கதி. காரணம், மேலோடு போதிய கெட்டி இல்லை. பழைய பிளாஸ்டிக் பந்துக்காரர் நிம்மதியாக வீசிக்கொண்டிருந்தார், புதுப் பந்துக்காரர் மாற்றுப் பந்துக்கு அலைந்தார்.

கெட்டித்தன்மையும் யூரித்தேனும்

கெட்டித்தன்மை விதியின் வரலாறு 1973-க்குப் போகிறது. டான் மக்கியூன் என்ற தொழில்முறை வீரர் பிளாஸ்டிக் பந்தை ரசாயனக் கரைப்பானில் ஊறவைத்து மேலோட்டை மென்மையாக்கி, அந்த ஒரே ஆண்டில் ஆறு பட்டங்கள் வென்றார். அப்போது அதைத் தடுக்க விதி இல்லை. பிறகுதான் குறைந்தபட்சக் கெட்டித்தன்மை வந்தது. டியூரோமீட்டர் டி அளவில் 72 என்ற எண் அந்தக் காலத்து மரபு. சிறு ஊசியை மேற்பரப்பில் அழுத்தி எவ்வளவு உள்ளே போகிறது என்று பார்க்கும் கருவி அது. பந்து சூடாக இருந்தால் அளவு இறங்கும். வெயிலில் நின்ற காரிலிருந்து நேராக எடுத்துப்போய்ப் பரிசோதனைக்கு நீட்டாதீர்கள்.

பழைய பந்துக்காரர்களை இது இன்று நேரடியாகத் தொடும் இடம் யூரித்தேன் என்ற பொருளால் ஆன மேலோடு கொண்ட பந்துகள். 2016, 2017 ஆண்டுகளில் தயாரான பர்ப்பிள் ஹாமர் என்ற யூரித்தேன் பந்துகளை 2022-இல் யுஎஸ்பிசி தன் தேசியப் போட்டிகளிலிருந்து விலக்கியது. அதே பெயரில் அதற்குப் பிறகு தயாரானவை அந்தத் தடையில் இல்லை. பெயரும் நிறமும் ஒன்று. தயாரான ஆண்டைப் பிரித்துச் சொல்வது வரிசை எண்தான். எண் தேய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

இதிலிருந்து ஒரு நடைமுறை வேறுபாடு வருகிறது. அங்கீகாரம் ரத்தான ஜாக்கல் போன்ற பந்து, யுஎஸ்பிசி சான்று பெற்ற எந்த லீக்கிலும் எந்தப் போட்டியிலும் செல்லாது. தேசியப் போட்டியில் மட்டும் விலக்கப்பட்ட பந்து உள்ளூர் லீக்கில் செல்லலாம். தொழில்முறைத் தொடர்கள் தனியே கூடுதல் கட்டுப்பாடு வைத்துக்கொள்ளும். லீக்கில் வருடம் முழுக்க வீசிய பந்தை எடுத்துக்கொண்டு தேசியப் போட்டிக்குப் போய், பரிசோதனை மேசையில் திருப்பி அனுப்பப்படுவது கொடுமை. பயணத்துக்கும் விடுதிக்கும் பணம் கட்டியாகிவிட்டது. நுழைவுக் கட்டணம் கட்டும் முன்பே அந்தப் போட்டியின் பந்து விதிகளைத் தனியாகப் படியுங்கள். கூடவே, 2019 ஆகஸ்டிலிருந்து போட்டி நடக்கும்போது உலர்ந்த துண்டால் மட்டுமே பந்தைத் துடைக்கலாம். எண்ணெய் குடித்த பழைய பந்துக்குத் திரவம் போடுவதெல்லாம் ஆட்டத்துக்கு முன்பே முடிய வேண்டும்.

பழைய பந்தைப் பிறரிடம் வாங்குகிறவர்கள் விலை பேசும் முன் மூன்று படங்கள் கேளுங்கள்: வரிசை எண், விரல் துளைகள் உள்ள பிடிப் பக்கம், பிடிக்கு எதிர்ப்பக்கம். நான்காவது துளை இருந்தால் மூன்றாவது படத்திலோ பிடியின் ஓரத்திலோ தெரிந்துவிடும். அடைப்புக் கூலியைக் கழித்துக்கொண்டு விலை சொல்லுங்கள்.